மாதையன் மகன் முனுசாமி

வியட்நாம் போய்வந்து ஐந்து மாதம் ஆகிறது. மேகோங் ஆற்றில் படகில் போனது, கூச்சி சுரங்கத்துக்குள் குனிந்து நுழைந்து பாதியிலேயே திரும்பி வந்தது என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் மனசு அங்கே போக மாட்டேன் என்கிறது. பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில், லேப்டாப் திரையில் தெரிந்த ஒரு காலிக் கட்டத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. விசா படிவத்தில் சர்நேம், அதாவது குடும்பப் பெயர், என்று போட்ட கட்டம். அதில் நான் எழுதியது சரியா தப்பா என்று கேட்டால், தப்பு என்றுதான் எல்லா அலுவலகமும் சொல்லும். எனக்கும் தெரியும். அப்பா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் யோசித்ததில் நானும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறேன்.

தங்கையின் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் டெக்னீஷியன். முன்பு பர்கூர் பக்கம் வேலை பார்த்தார், இப்போது மூன்று வருடமாக ஹோசிமின் நகரத்துக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அவ்வளவு ஆசை இருந்த மாதிரி தெரியவில்லை. தக்காளிக்குத் தண்ணீர் யார் விடுவது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மே மாதம் போகலாம், நானும் கூட வருகிறேன் என்று ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டோடு கிளம்பும் முதல் பயணம் இதுதான். பாஸ்போர்ட் எடுத்ததே தங்கைக்குக் கல்யாணமான வருடத்தில், ஒரு ஏஜென்ட் மூலமாக. நான் அப்போது ஓசூரில் புது வேலையில் இருந்தேன், ஃபாரத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கான வட்டியைத்தான் இப்போது கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வியட்நாம் விசா சிக்கலில்லாதது என்று எல்லாரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட. 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் மின்விசா தருகிறார்கள். 90 நாள் வரை செல்லும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை போய்வர 50 டாலர், மூன்று வேலை நாளில் வந்துவிடும். தூதரகம், வரிசை, விரல் ரேகை எதுவும் கிடையாது. தேடினால் முதலில் வருவது மட்டும் அரசாங்கத் தளம் இல்லை. அதே சிவப்புக் கொடி, அதே நட்சத்திரம், அதே மாதிரி படிவம், எல்லாம் நிரப்பி முடித்தபிறகு கட்டணம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நல்லவேளை, பணம் கட்டும் பக்கத்தில் சுதாரித்துக்கொண்டு மூடினேன். முகவரியின் கடைசியில் கவ் டாட் விஎன் என்று இருந்தால்தான் அரசாங்கத்துடையது. அப்புறம் உண்மையான தளத்தில் கார்டு வேலை செய்யவில்லை. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமாகத் திறந்துவிடாத வரை கார்டு அதற்குப் பூட்டித்தான் இருக்கும். வங்கிச் செயலியில் அந்தச் சின்னப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தளம் என்னை வெளியே தள்ளிவிட்டது. இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான், விடுங்கள்.

திண்ணையில் ஒரு நேர்காணல்

அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் அவருடைய படிவத்தை நிரப்பினேன். நானே நிரப்பியிருக்கலாம், எல்லாம் பாஸ்போர்ட்டில் இருப்பதுதான். ஆனால் அவர் நகரவில்லை. யாரோ வெளிநாட்டு அதிகாரி திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பதுபோல, துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். மதம் என்ன என்று ஒரு கட்டம். "மாடு கன்னு எத்தனைன்னு கேப்பானா?" என்றார். அந்த நாட்டுச் சட்டத்தை எப்போதாவது மீறியிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. இல்லை என்று நான் டிக் செய்யப் போனபோது, "நல்லா யோசிச்சுப் போடு" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

பிறந்த தேதிக்கு வந்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. முழுத் தேதியைப் போடலாம், அல்லது வருடம் மட்டும்தான் தெரியும் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இதை அப்பாவிடம் சொன்னதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் ரொம்ப நாளைக்கு மறக்க மாட்டேன். அவருடைய பிறந்த நாள் ஜூன் 1. அதாவது பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் வைத்த நாள். உண்மையில் அவர் பிறந்தது மானாவாரிக் கேழ்வரகு அறுத்துக்கொண்டிருந்த சமயம் என்று பாட்டி சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. "பரவால்லடா, வெவரமான ஊருதான். நம்மள மாதிரி ஆளுங்க அங்கயும் இருக்கானுங்க" என்றார். வருடத்தை மட்டும் போடு என்று பிடிவாதம் வேறு. பாஸ்போர்ட்டில் முழுத் தேதி இருக்கும்போது அப்படிப் போட முடியாது என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது.

பெயருக்கு இரண்டு கட்டங்கள். முதலில் சர்நேம், அடுத்து நடுப்பெயரும் சொந்தப் பெயரும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்க வேண்டிய இடம் காலி. கிவன் நேம் இடத்தில் முனுசாமி. அவ்வளவுதான். அம்மாவின் பாஸ்போர்ட்டைத் திருப்பினால் கிவன் நேம் சின்னப்பாப்பா, சர்நேம் முனுசாமி. என் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் முனுசாமிதான். அதாவது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு அப்பாவே குடும்பப் பெயர். அந்தக் குடும்பப் பெயருக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் குடும்பப் பெயர் கிடையாது. கம்பெனி வேலையாக ஒருமுறை நான் பாங்காக் போனபோது ஓட்டல்காரர்கள் என்னை மூன்று நாளும் மிஸ்டர் முனுசாமி என்றே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும், அப்பா எங்கே இங்கே வந்தார் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

ஊரில் நெட் சென்டர் வைத்திருக்கும் நண்பரைப் போனில் கேட்டேன். தினம் நான்கு பேருக்காவது இந்த மாதிரி ஃபாரம் போடுகிறவர். "அண்ணா, காலியா விட்டா வம்பு. பழைய பத்திரத்துல பேருக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கும்ல, அதப் போட்டுடுங்க" என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. தாத்தா காலத்து நிலப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எந்த மாநாட்டைப் பற்றியும் கேள்விப்பட்ட வாத்தியாரா அவர் என்று தெரியாது, ஆனால் பதிவேட்டில் மா. முனுசாமி என்று மட்டும் எழுதினார். எங்கள் வீட்டில் அந்த வால் அறுந்தது அன்றைக்குத்தான். அதை ஒரு கம்ப்யூட்டர் கட்டத்துக்காக, அதுவும் வியட்நாம்காரர்களுக்காக, மறுபடி ஒட்டவைக்க எனக்கு மனசில்லை. இந்தக் கட்டம் உலகம் முழுக்க நம் ஆட்களிடம் ஓசைப்படாமல் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். எத்தனையோ பேர் வேறு வழி தெரியாமல் கொடுத்தும்விடுகிறார்கள்.

அதனால் நான் தாத்தாவின் பெயரை எழுதினேன். மாதையன். இனிஷியலை விரித்தால் அதுதானே, நான் ஒன்றும் பொய் எழுதவில்லை. அப்பா திரையை எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் அவருக்கு. "எங்கப்பன் பேரா அது?" என்றார். ஆமாம் என்றேன். ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார்.

மூன்று விசாவும் செவ்வாய்க்கிழமை வந்தன. பதிவு எண், மின்னஞ்சல், பிறந்த தேதி மூன்றையும் போட்டுப் பார்த்தால் பிடிஎஃப் திறக்கிறது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தேன். மாதையன் முனுசாமி என்று ஒரே வரியில், பெரிய எழுத்தில். அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடைக்கு அதை மடித்து எடுத்துக்கொண்டு போனார் என்று அப்புறம்தான் தெரிந்தது. அறுபத்தெட்டு வயசில் ஒரு மனுஷன் விசாவைக் காட்டப் போனார் என்று நினைத்தேன். அவர் காட்டியது விசாவை இல்லை. தாத்தா கூலிக்குக் கிணறு வெட்டியவர். கர்நாடக எல்லையைக்கூடத் தாண்டியதில்லை, ஒகேனக்கலில் நின்று அக்கரையைப் பார்த்ததோடு சரி. "எங்கப்பன் பேரு வியட்நாம் கவர்மெண்டுல ஏறிப்போச்சு" என்று அப்பா அங்கே சொன்னதாகக் கடைக்காரர் சொன்னார்.

கோழிக் கால் தடம்

தப்பைக் கண்டுபிடித்தது மாப்பிள்ளை. விசாவையும் பாஸ்போர்ட்டையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். "மச்சான், மாமா பாஸ்போர்ட்ல மாதையன்னு எங்கயுமே இல்லையே. கீழ இருக்கிற ரெண்டு வரியப் பாருங்க."

இத்தனை வருடம் பாஸ்போர்ட் வைத்திருந்தும் அந்த இரண்டு வரிகளை நான் படித்ததில்லை. போட்டோவுக்குக் கீழே, பக்கத்தின் அடியில், மெஷின் படிப்பதற்காக இருப்பவை. ஒரு வரிக்கு 44 இடம். முதலில் பி, ஒரு அம்புக்குறி, இந்தியாவுக்கு மூன்றெழுத்து, அதற்குப் பிறகு பெயர். முதலில் சர்நேம், பிறகு இரண்டு அம்புக்குறி, பிறகு கிவன் நேம். மிச்ச இடம் முழுக்க அம்புக்குறிகள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த இந்த ஒழுங்கில்தான் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இருக்கும். என்னுடையதில் முனுசாமி, இரண்டு குறி, என் பெயர். அப்பாவுடையதில் பிரிப்பதற்கு எதுவும் இல்லை. எட்டு எழுத்து முனுசாமி, அதற்குப் பின்னால் வரிசையாக 31 குறிகள். எண்ணிப் பார்த்தேன். மழை பெய்த மறுநாள் களத்தில் கோழி நடந்துபோன தடம் மாதிரி, பெயர் முடிந்த இடத்திலிருந்து ஓரம் வரைக்கும் போகிறது. விமான நிலையத்தில் மெஷினுக்கு அப்பா என்றால் இந்த வரிதான். அதில் தாத்தா இல்லை. கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் இருக்கிறார், ஆனால் அந்தப் பக்கத்தை மெஷின் படிக்காது.

விசாவில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் அங்கே இறங்குவதெல்லாம் அப்புறம், பெங்களூரில் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். கொடுத்த விசாவில் திருத்தம் கிடையாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், மறுபடி 25 டாலர். கட்டிய பணம் திரும்பாது. இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், போனால் போகிறது. ஆனால் நாள் இடித்தது. ஏப்ரல் 30-ம் மே 1-ம் அங்கே அரசு விடுமுறை. சைகோன் விழுந்து போர் முடிந்த நாள் ஒன்று, தொழிலாளர் தினம் ஒன்று. மூன்று வேலை நாள் என்பது வாரத்தைத் தாண்டி இழுக்கும்.

இதில் அமீரகம் இன்னும் கறார். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தார்கள். கிருஷ்ணகிரியில் என் சித்தப்பா பையன் அந்த வாரம்தான் துபாய்க்குக் கிளம்பவிருந்தான். பெட்டி கட்டியாகிவிட்டது, கூட வேலை செய்கிறவனுக்கு மாங்கூழ் டின் இரண்டு வாங்கியாகிவிட்டது. அவன் பாஸ்போர்ட்டும் அப்பாவுடையது மாதிரியே. அந்தப் பயணம் போகவில்லை, டின்னை நாங்கள்தான் ஜூஸ் போட்டுக் குடித்தோம். ஒரு நாட்டுக்காரன் காலியாக விடக்கூடாது என்கிறான், இன்னொரு நாட்டுக்காரன் காலியாக இருப்பதை நிரப்பக்கூடாது என்கிறான். விமான டிக்கெட் வேறு கதை. முன்பதிவு செய்யும்போது கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே விடவில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு, இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடச் சொன்னார்கள். ஆக டிக்கெட்டில் அப்பா முனுசாமி முனுசாமி. தனக்குத் தானே மகன்.

சிட்டா

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவிடம் சொன்னேன். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்தேன். தப்பாகப் போட்டுவிட்டேன், தாத்தா பெயரை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும், பணம் என்னுடையது, கவலைப்படாதீர்கள் என்றேன். அவர் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கை கழுவ எழுந்தவர் உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அது பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி, அதில்தான் பத்திரம், கந்தாயம் கட்டிய ரசீது, பாட்டியின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்து உட்கார்ந்தார்.

உறையிலிருந்து எடுத்தது சிட்டா, நிலம் யார் பேரில் என்று சொல்லும் வருவாய்த்துறைக் காகிதம். போன வருடம் இ-சேவை மையத்தில் எடுத்த நகல். அதைத் தரையில் விரித்து, பக்கத்தில் அந்த விசாக் காகிதத்தை விரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிட்டாவில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் விரலை வைத்தார். மாதையன் மகன் முனுசாமி. அப்புறம் விசாவில் விரலை வைத்தார். மாதையன் முனுசாமி.

"இது கம்ப்யூட்டர்ல வந்ததுதான?"

"ஆமாம்ப்பா."

"அதுவும் கம்ப்யூட்டர்தான?"

"ஆமாம்."

"ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கான். இது சரின்னா அது எப்படிடா தப்பாகும்? தப்பு உன் பாஸ்போர்ட்டுல. அதத் திருத்து."

நான் விளக்கினேன். பாஸ்போர்ட்டைத் திருத்தலாம்தான், மறுவெளியீடு என்று விண்ணப்பித்தால் சர்நேம் சேர்த்துக்கொள்ளலாம், 1,500 ரூபாய்தான், ஆனால் போலீஸ் விசாரணை அது இது என்று நாளாகும், மே 14 டிக்கெட் என்றெல்லாம். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பார்வை அந்த இரண்டு காகிதங்களின் மேலேயே இருந்தது. நானும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இதுவரை அப்பாவின் பெயரை எழுதிய இடங்களில், தாத்தா பெயர் முழுசாக முன்னால் வந்து அப்பா பெயர் பின்னால் வந்தது இந்த இரண்டில் மட்டும்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போதாக்குறைக்கு முனுசாமியின் கடைசி எழுத்து அதில் ஐ, பாஸ்போர்ட்டில் ஒய். வங்கிப் புத்தகத்தில் முனுசாமி எம். வாக்காளர் பட்டியலில் தகப்பன் பெயர் தனி வரி. வியட்நாம்காரர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் கடைசியில் வரும். கூப்பிடுவதும் அந்தக் கடைசிப் பெயரைச் சொல்லித்தான். மாப்பிள்ளை தொழிற்சாலையில் வருகைப் பதிவேட்டை எடுத்தால் பத்தில் மூன்று நான்கு பேர் நுயென் என்று ஆரம்பிக்கிறார்களாம். அவர்கள் வழக்கப்படிதான் அந்த விசாவும் பெயரை எழுதியிருக்கிறது. அது தற்செயலாக எங்கள் வருவாய்த்துறை வழக்கமாகவும் இருந்துவிட்டது.

வருவாய்த்துறை என்று சொல்வதுகூடத் தப்பு. அதற்கு முன்னாலிருந்தே இந்தப் பக்கம் அப்படித்தான். தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவார்களே, அங்கேதான். வட்டெழுத்தில் இருப்பதால் நம்மால் படிக்க முடியாது, பக்கத்தில் எழுதி வைத்திருப்பதைப் படிக்கலாம். மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்த சாதாரண ஆட்களுக்கு நட்ட கற்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் அல்லது இன்னார் மகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்று வரும். அரசன், தலைவன், தகப்பன் என்று வரிசையாக இறங்கி வந்து கடைசியில்தான் செத்தவன் பெயர். எங்கள் ஊர்க்காரர் அதியமானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கண்டுபிடித்த கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது: அதியன் நெடுமான் அஞ்சி. குலப்பெயர் முன்னால், அஞ்சி என்ற சொந்தப் பெயர் கடைசியில். அவர் இன்றைக்கு வியட்நாமுக்கு மின்விசா போட்டால் சர்நேம் கட்டத்தில் தயங்காமல் அதியன் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு எந்த ஏஜென்ட் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தான் என்பதைப் பொறுத்தது, அது வேறு.

இந்தப் பெருமையெல்லாம் அன்றைக்கு அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "அப்புறம் என்ன, அப்படியே விடு" என்றிருப்பார். நான் லேப்டாப்பைத் திறந்து மறுபடி விண்ணப்பித்தேன். சர்நேம் கட்டத்துக்குப் பாஸ்போர்ட்டின் அடிவரியில் இருப்பதை மட்டும் பார்த்து நிரப்பினேன், தாத்தாவை எடுத்துவிட்டேன். எடுப்பது என்றால் என்ன, பின்னோக்கிச் செல்லும் பொத்தானை ஒன்பது முறை தட்டுவது. மா-வில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் மாதையனுக்கு ஒன்பது எழுத்து. அப்பா இந்த முறை பக்கத்தில் உட்காரவில்லை. திண்ணையின் அந்தக் கோடியில் படுத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். மதம் என்ன, சட்டத்தை மீறினாயா எல்லாக் கேள்விகளுக்கும் நானே பதில் போட்டேன்.

இரண்டு காகிதம்

இரண்டாவது விசா மே 6-ஆம் தேதி வந்தது. முனுசாமி என்று மட்டும். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டார். பழையதைக் கிழித்துவிடுங்கள் என்று சொன்னேன், சரி என்றார்.

பயணத்தைச் சுருக்கிவிடுகிறேன். ராத்திரி பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை, ஓசூர் வழியாகக் கார். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியபோது அம்மா முறுக்குப் பொட்டலத்தைத் திறந்தார். விமான நிலைய கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கேட்டாள். அம்மாவுடையதும் என்னுடையதும் முடிந்தது. அப்பா தன் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டிப் பார்த்தால் மாதையன் முனுசாமி. "சார், நேம் மிஸ்மேட்ச்" என்று ஆரம்பித்தாள். நான் அப்பாவின் கையிலிருந்த உறையைப் பிடுங்கி அடியில் இருந்த சரியான விசாவை எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பழையதைத் திருப்பிக் கொடுத்து, இது வேண்டாம், அங்கே காட்டாதீர்கள், குழப்பம் வரும் என்றாள். கன்னடம் கலந்த தமிழில், மரியாதையாகத்தான் சொன்னாள். அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

தெரியாமல் எடுத்துக் கொடுத்தாரா, தெரிந்தேதான் கொடுத்துப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் "இருட்டுல தெரியல" என்கிறார். விமான நிலையத்தில் எங்கே இருட்டு?

டான் சன் நியட் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முத்திரை விழுந்தது, அப்பா உள்ளே போய்விட்டார். ஹோசிமினில் இருந்த பதினோரு நாளில் அவருக்குப் பிடித்துப்போன இடம், நகரத்தின் நடுவில் இருக்கும் மாரியம்மன் கோவில். அந்தக் காலத்தில் வியாபாரத்துக்குப் போன நம் ஆட்கள் கட்டியது. இன்றைக்குக் கும்பிட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வியட்நாம்காரர்கள், சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அம்மனிடம் என்னவோ ரகசியம் பேசுகிறார்கள். யார் யார் கட்டியது, அவர்கள் பெயரெல்லாம் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று அப்பா சுற்றிச் சுற்றித் தேடினார். தங்கை கூப்பிட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் போய் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் அந்தக் காகிதம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

போன வாரம் விவசாயி அடையாள எண் எடுப்பதற்காக அப்பாவை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். ஆதார், ஆதாரோடு இணைத்த போன், சிட்டா இருந்தால் போதும் என்றார்கள். அப்பா தகரப் பெட்டி உறையை அப்படியே எடுத்து வந்திருந்தார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண், சிட்டாவை எடுத்தால் அதன் பின்னால் இன்னொரு காகிதம் சேர்ந்து வருகிறது. ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறது. நாலாக மடித்த தடத்தில் எழுத்து கொஞ்சம் வெளுத்துப் போயிருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னங்க ஐயா, இதையும் ஸ்கேன் பண்ணணுமா?"

"பண்ணும்மா" என்றார் அப்பா.